மாடு மிதித்த பைனாகுலர்

மூக்குக்கண்ணாடி வாங்க வருகிறவர் தனக்குக் கண் தெரியவில்லை என்று ஒப்புக்கொண்டு வருவார். பைனாகுலர் வாங்க வருகிறவரோ எல்லாம் தெரிந்தவராகத்தான் வருவார். கவுண்டருக்குப் பின்னால் சிரித்த முகத்தோடு நின்று கால் வீங்கிய அத்தனை பேருக்கும் நான் சொல்வது புரியும்.

அறுபதுகளில் கடலூர் ஓல்டு டவுனில் ஒரு கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தேன். வெளிநாட்டுச் சாமான் லேசில் கிடைக்காத காலம். கப்பல்காரர்கள் விற்றுவிட்டுப் போவதும், சிங்கப்பூரிலிருந்து வந்தவர்கள் கைச்செலவுக்குக் கொடுத்துவிட்டுப் போவதும்தான் எங்கள் பைனாகுலர் சரக்கு. நல்லதாகப் பார்த்து எடுப்பது எப்படி என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். காதருகே வைத்து ஆட்டினால் உள்ளே கடகடக்கக் கூடாது. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் பூஞ்சணம் தெரியக் கூடாது. நடுவிலிருக்கும் கீல் விறைப்பாக மடங்க வேண்டும். இதையெல்லாம் யார் கேட்கிறார்கள்? "எத்தனை மைல் தெரியும்?" என்பார்கள். நிலா தெரிகிறதே, அது எத்தனை மைல் என்று திருப்பிக் கேட்க நாக்கு துடிக்கும். பக்கத்தில் முதலாளி இருப்பார்.

உழைக்குமா?

பரங்கிப்பேட்டையிலிருந்து ஒரு அம்மா வந்தார். ரஹ்மத் பீவி என்று பெயர். வெள்ளைத் துப்பட்டியை இடது கன்னம் வரை இழுத்துப் பிடித்திருந்தார். சிங்கப்பூரில் கப்பல் வேலைக்குச் சேர்ந்த மகன் காதர், ஊருக்கு வந்து நாலைந்து வருஷம் ஆகிவிட்டதாம். இப்போது அவன் கப்பலே இரும்புக்கல் ஏற்றக் கடலூருக்கு வருகிறதாம். அந்தக் காலத்தில் பெரிய கப்பல்கள் கரைக்கு வராது. தொலைவில் கடலிலேயே நிற்கும், சரக்கைப் படகில் கொண்டுபோய் ஏற்றுவார்கள். காதருக்கு இறங்க அனுமதி இல்லை. பெண்பிள்ளையைப் படகில் ஏற்றிப் போகத் துறைமுகத்துக்காரர்கள் சம்மதிக்கவில்லை. கரையில் நின்றாவது பிள்ளையைப் பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

இருந்த இரண்டு சின்ன பைனாகுலர்களைக் கொடுத்தேன். "மங்கலா இருக்கே" என்று இரண்டையும் வைத்துவிட்டார். அலமாரியில் ஒரு ஜெர்மன் பைனாகுலர் இருந்தது. கனமான பித்தளை உடம்பு, தோல் உறை, பார்த்தால் பளிங்கு மாதிரித் தெளிவு. அந்த அம்மாவின் கை அதற்குத்தான் போயிற்று. அதற்குக் குமராட்சி மிராசுதார் ஒருவர் அட்வான்ஸ் கொடுத்திருந்தார். சொல்லவே எனக்குச் சங்கடமாக இருந்தது. அந்த அம்மா எழுந்துகொண்டே சொன்னார்:

"அதுமாதிரி வேற ஒண்ணு வந்தா எடுத்து வைங்க தம்பி. எம் மவன் ரிட்டையர் ஆவுற வரைக்கும் உழைக்கணும்."

கீழே விழவே இல்லை

மிராசுதாருக்கு, மாடியில் உட்கார்ந்தபடியே வயலில் நடவு வேலையைக் கண்காணிக்க ஆசை. ஜெர்மன் பைனாகுலரைப் பெருமையாகக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போனவர், இரண்டாம் நாள் கையில் தூக்கிக்கொண்டு வந்தார். "ஏமாத்திட்டீங்களேய்யா! நடவுக்குப் பத்து பொம்பளைங்களத்தான் வுட்டேன். இதுல இருவது பேரு நிக்கிறாங்க, வேல மட்டும் பத்து பேரு வேலதான் நடக்குது!"

கடைக்குள் கண்ணாடி வெட்டிப் பொருத்தும் ஞானப்பிரகாசம் என் வயதுக்காரன், என்னை மச்சான் என்றுதான் கூப்பிடுவான். அவன் வாங்கிப் பார்த்தான். ஒவ்வொரு குழலாகப் பார்த்தால் அப்பழுக்கில்லை. இரண்டு கண்ணாலும் சேர்த்துப் பார்த்தால் ஒவ்வொன்றும் இரண்டாகத் தெரிகிறது. உள்ளே வெளிச்சத்தைத் திருப்பிவிடுகிற பளிங்குக்கட்டி ஒரு பக்கத்தில் நகர்ந்துவிட்டது, அதைச் சரியாக உட்கார வைக்கிற கருவி நம்மிடம் இல்லை என்றான். குழலின் ஓரத்தில் புதுசாக ஒரு நெளிசல். "எங்கயாவது கீழ போட்டீங்களா?" என்று பணிவாகத்தான் கேட்டேன். மிராசுதாருக்கு ரோஷம் வந்துவிட்டது.

"கீழ வுழவே இல்லய்யா! சும்மா வெச்சிருந்தேன், மாடுதான் மிதிச்சிது!"

நாலு கால் நாட்டியம்

பெரிய மனிதரிடம் சண்டை போட முடியாமல் முதலாளி அதைத் திருப்பி வாங்கிக்கொண்டார். மறுவாரம் சிதம்பரத்திலிருந்து ஒரு நாட்டிய வாத்தியார் வந்தார். கோபுர வாசலில் உயரத்தில் இருக்கிற நாட்டியச் சிற்பங்களைக் கீழே நின்றபடியே பார்த்துப் படிக்க வேண்டுமாம். அந்த ஜெர்மன் பைனாகுலரைப் பார்த்ததும் பிடித்துக்கொண்டார். எல்லாம் இரண்டாகத் தெரியும் என்று தலைதலையாக அடித்துக்கொண்டேன். "கண்ணப் பழக்கிட்டா சரியாப் போயிடும், நாங்க பழக்காததா?" என்று புருவத்தை ஒரு தரம் ஏற்றி இறக்கிக் காட்டினார். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

பாவம், நல்ல மனிதர். மூன்று நாள் கோபுரத்தடியில் நின்றிருக்கிறார். நான்காம் நாள் நெற்றியில் தலைவலித் தைலம் மணக்க வந்து, பைனாகுலரைக் கவுண்டரில் வைத்தார்.

"ஒரு சிலைக்கு நாலு காலு தெரியுது சார். இதுல எந்தக் கால நான் புள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுக்கறது?"

கொடிமரத்துக் காக்கை

கப்பல் வந்துவிட்டது. கடை வாசலிலிருந்து பார்த்தால் வீட்டுக் கூரைகளுக்கு மேலே, தூரத்தில் அதன் புகை தெரிந்தது. ரஹ்மத் பீவி ஓட்டமும் நடையுமாக வந்தார். நாளை மறுநாள் கிளம்பிவிடுமாம். "எதாவது வந்துச்சா தம்பி?" எதுவும் வந்திருக்கவில்லை. அந்த முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்வதைவிட, மிராசுதாரிடம் இன்னொரு தரம் திட்டு வாங்கியிருக்கலாம்.

உடைசல் பெட்டிக்குப் போகக் காத்திருந்த ஜெர்மன் பைனாகுலரை அவரே பார்த்துவிட்டார். "அது கெட்டுப்போனதும்மா, தலைவலிதான் வரும்" என்று நான் சொல்லச் சொல்ல எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். துறைமுகத்துக் கொடிமரத்துப் பக்கம் திருப்பினார். "கொடிமரத்துல காக்கா குந்தியிருக்கு" என்றார். எத்தனை காக்கை என்று கேட்டேன். "ஒண்ணுதான். கால்ல என்னமோ வெச்சிக் கொத்துது." நானும் வாங்கிப் பார்த்தேன். இரண்டு கொடிமரம், இரண்டு காக்கை. ஞானப்பிரகாசம் பார்த்தான், அவனுக்கும் இரண்டு. இருவரும் அந்த அம்மாவைப் பேயைப் பார்ப்பதுபோல் பார்த்தோம். அவர் துப்பட்டியைக் கொஞ்சம் விலக்கினார். இடது கண் முழுக்க வெள்ளை.

"இதுல பூ வுழுந்து ரொம்ப வருசமாச்சி. நீங்க கண்ணாடியப் பத்திதானே சொல்லிக்கிட்டே இருந்தீங்க, கண்ணப் பத்தி ஒரு வார்த்த கேக்கலியே தம்பி?"

எத்தனை பேர் தெரிகிறார்கள்?

கண்ணாடிக் கடையில் நின்றுகொண்டு கண்ணைப் பற்றிக் கேட்காதவன் நான். முதலாளி சிரித்துவிட்டு, பழைய பித்தளை விலைக்கு அதைக் கொடுத்து, திருகிப் பார்க்கச் சொல்லித் தரும்படி என்னையும் கூடவே அனுப்பினார். அந்த அம்மாவின் தம்பி சரக்குப் படகில் வேலை செய்கிறவர். அவர் மூலமாக, சாயங்காலம் கப்பலின் கிராதியோரம் சிவப்புத் துண்டோடு வந்து நிற்கும்படி காதருக்கு அந்த அம்மா சொல்லி அனுப்பியிருந்தார்.

கடற்கரையில் ஒரு தோணியைக் கவிழ்த்துப் போட்டிருந்தார்கள். கை நடுங்காமலிருக்க அதன் முதுகில் முழங்கையை ஊன்றிக்கொள்ளச் சொன்னேன். முதலில் தண்ணீர்தான் தெரிகிறது என்றார். பிறகு இரும்புச் சுவர் தெரிகிறது என்றார். "நடுவுல இருக்கிற திருகாணிய மெதுவாத் திருப்புங்கம்மா." திருப்பினார். அப்புறம், பக்கத்தில் நிற்கிறவனிடம் பேசுவதுபோலத் தாழ்ந்த குரலில், "எளச்சிப் போயிட்டியேடா" என்றார். அவ்வளவு தூரத்தில் முகம் தெரியாது என்று எனக்குத் தெரியும். அவன் இடுப்பில் கை வைத்து நிற்கிற நிற்பே அவருக்குப் போதுமானதாக இருந்தது. துப்பட்டி காற்றில் விலகிப் பறந்தது. அதை இழுத்து மூடக்கூட அவருக்கு நினைவில்லை. நான் மணலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கும் கண் கலங்கியிருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்?

இருட்டத் தொடங்கியபோது, எனக்கும் காட்ட வேண்டும் என்று தோன்றியதோ என்னவோ, பைனாகுலரை என்னிடம் நீட்டினார். பார்த்தேன். இரண்டு கப்பல். இரண்டு சிவப்புத் துண்டு. இரண்டு காதர்கள் விடாமல் கையை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். "எனக்கு ரெண்டு பேரா தெரியுறாங்கம்மா" என்றேன்.

"எனக்கு ஒருத்தன் போதும் தம்பி. குடுங்க இப்படி, இருட்டறதுக்குள்ள பாத்துக்கிறேன்."

அதற்கப்புறமும் எத்தனையோ வருஷம் ஒரு குறையும் இல்லாத பைனாகுலர்களாகப் பார்த்துப் பார்த்து விற்றேன், குறை சொல்லாமல் வாங்கிப் போன இன்னொரு ஆளைத்தான் காணோம்.