பண்டிதர் அஸ்க்வித்தின் பதினொன்றாம் தேதி

வண்டி கிளம்புமுன் பண்டிதர் அஸ்க்வித் தம் பளிங்குக் கல்லைக் கண்ணருகே பிடித்து வழி கேட்பார். கல்லுக்குள் இருக்கும் தேவதூதர்கள் லத்தீனில் பதில் சொல்வார்கள். பிறகு அதே கேள்வியைக் குரலைத் தாழ்த்தி வண்டிக்காரன் ஹாவெலிடமும் கேட்பார். போவதென்னவோ ஹாவெல் காட்டும் வழியில்தான். ஊர் போய்ச் சேர்ந்ததும் நன்றி கல்லுக்கு.

"அவங்களுக்கு றெக்கை இருக்குய்யா, சேத்துமேல பறந்துருவாங்க. என் குதிரை பாவம்" என்பான் ஹாவெல்.

இங்கிலாந்தை விட்டு அவர் புறப்பட்டு மூன்று வருடமாகிறது. கூடவே மனைவி எலினோர், நான்கு பீப்பாய்ப் புத்தகம், இதுவரை எதையும் தங்கமாக்காத ஓர் உலை. மெழுகுவர்த்தியை எப்போதும் இடப்பக்கம் வைத்துப் படிப்பதால் தாடி அந்தப் பக்கம் மட்டும் கருகியிருக்கும். எங்கள் பொஹீமியா நாட்டுப் பீரைக் குறைசொல்லிக்கொண்டே மூன்று குவளை குடிப்பார்.

நாட்காட்டி சூரியனுக்குப் பத்து நாள் பின்தங்கிவிட்டது என்று புத்தகம் எழுதி நிறுவியவர் அவர். அவருடைய ராணி அதை ஏற்கவில்லை. பொஹீமியாவில் நாங்கள் சென்ற ஜனவரியிலேயே அந்தப் பத்து நாளை வெட்டி எறிந்து தேதியை முன்னே தள்ளிவிட்டோம். தம் கணக்கே நடப்பிலிருக்கும் தேசத்துக்கு வந்த பிறகும், ராணிமீதுள்ள விசுவாசத்தால், அவர் தப்பான தேதியிலேயே வாழ்கிறார்.

வெளிநாட்டார் குளிர்காலம் தங்க எங்கள் பிரபு அனுமதி தருவது புனித மார்ட்டின் திருநாளில் மட்டும். நவம்பர் பதினொன்று, வாத்து விருந்து முடிந்து வயிறு நிறைந்திருக்கும் நேரம். பண்டிதர் சரியாகப் பதினொன்றாம் தேதி வந்து நின்றார். எங்களுக்கு அன்று இருபத்தொன்று.

"வாத்து எலும்பைக்கூட நாய் தின்னு முடிச்சிருச்சு, பண்டிதரே" என்றார் காரியஸ்தர் பெனேஷ். "நாளைக்குள்ள எல்லையைத் தாண்டிருங்க."

வெளியே பனி கொட்டத் தொடங்கியிருந்தது. எலினோருக்கு எட்டாம் மாதம்.

"சந்தையில எல்லாரும் வேற தேதி சொல்றாங்கன்னு மூணு வாரமா சொல்றேங்க."

"சந்தைக்காரங்க வானசாஸ்திரம் படிச்சதில்ல, எலினோர்."

"நீங்க படிச்சிருக்கீங்கல்ல? உங்க புஸ்தகத்துல அவங்க சொல்ற தேதிதானே இருக்கு?"

பண்டிதர் கல்லைத் தடவினார். பெனேஷ் அந்த அம்மாளின் வயிற்றைப் பார்த்தார், பனியைப் பார்த்தார், உள்ளே போனார். சற்று நேரத்தில் பிரபுவின் சிரிப்புச் சத்தம் முற்றம்வரை கேட்டது.

"இன்னிக்கு இருபத்தொண்ணுன்னு உங்க கையாலயே எழுதிக் கையெழுத்துப் போடணுமாம்" என்றார் பெனேஷ், திரும்பி வந்து. "போட்டா வசந்தம் வரைக்கும் இருக்கலாம். இல்லேன்னா வண்டி அப்படியே கிளம்பட்டும்."

மாளிகைப் பதிவேடு என் பொறுப்பு. ஏட்டைப் பிரித்து, இறகுப் பேனாவை மையில் தோய்த்துப் பண்டிதரிடம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை. எலினோர் புத்தகப் பீப்பாய்மேல் உட்கார்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டாள்.

பண்டிதர் கல்லை மேசைமேல் வைத்தார். தொப்பியைக் கழற்றி அதன்மேல் கவிழ்த்து, உள்ளே இருப்பவர்கள் எட்டிப் பார்க்க இடுக்கில்லாமல் விளிம்பைச் சுற்றிலும் அழுத்திவிட்டார். பிறகு பேனாவுக்குக் கை நீட்டினார்.