படிக்கட்டுப் பலகை

ஒஸ்லோவில், ஹொல்ம்லியாவில் நாங்கள் இருந்த மாடிக் குடியிருப்பில் ஒரு வழக்கம் இருந்தது. வாரம் ஒரு வீடு படிக்கட்டைக் கழுவ வேண்டும். முறை யாருடையதோ அவர் வீட்டுக் கதவுப்பிடியில் ஒரு சிறிய மரப்பலகை தொங்கும். கழுவி முடித்தவர் அதைக் கழற்றி அடுத்த வீட்டில் மாட்டிவிட்டுப் போவார். மணி அடிப்பதில்லை, பேச்சும் இல்லை. நாலு வருடத்தில் எனக்கும் எதிர்வீட்டுப் பெண்ணுக்கும் இருந்த உறவெல்லாம் அந்தப் பலகை ஒன்றுதான்.

இரண்டாயிரத்துக்குப் பிந்திய ஒரு பனிக்காலம். நான் பிள்ளைத்தாய்ச்சி. கணவர் வடக்கே ஒரு மீன் தொழிற்சாலையில். மாதம் ஒருமுறைதான் வருவார். அமெரிக்காவிலிருந்து அக்கா இரண்டு வாரம் வந்து நின்றாள். வந்த அன்றே ரயிலில் பக்கத்தில் இருந்தவரிடம் சுகம் விசாரித்தாள். அவர் எழுந்து வேறு இருக்கைக்குப் போய்விட்டார். எனக்கு வெட்கமும் சிரிப்பும் வந்தன. அக்காவின் நகரத்தில் முன்பின் தெரியாதவரும் சுகம் கேட்பார்களாம். பதிலுக்கு நிற்க மாட்டார்களாம். எங்கள் ஊரில், கொழும்பு பஸ்ஸில் நிற்பவரின் பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, எத்தனை பிள்ளைகள் என்று கேட்பார்கள். இங்கேயோ பக்கத்து இருக்கை வெறுமையாக இருந்தாலும் நின்றுகொண்டே வருவார்கள். இதில் எது மரியாதை என்று எனக்கு இன்றுவரை தீராத கேள்வி.

எதிர்வீட்டுக்காரியைக் கண்டும் அக்கா வாய் நிறையச் சிரித்தாள். அவள் தலையை லேசாக அசைத்துவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

"என்ன சனமடி இது? பிள்ளைப்பேற்று நோ தொடங்கினால் ஆரைக் கூப்பிடப் போறாய்?" என்றாள் அக்கா.

"அம்புலன்ஸ் வரும் அக்கா."

"ஓம், வரும். கையைப் பிடிச்சுக்கொண்டு பக்கத்திலை இருக்குமோ?"

அக்கா போய்விட்டாள். அந்தக் கேள்வி போகவில்லை. தனியாகப் பெறப்போகிறேன் என்று உண்மையாகவே பயந்தேன்.

அதோடு பலகையும் வராமல் நின்றது. எதிர்வீட்டில் இரண்டு வாரம் தொங்கும், பிறகு நேரே மேல்வீட்டுக்குப் போய்விடும். என் கதவைத் தாண்டியே போனது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவர்களுடைய படி என் கை பட்டால் அழுக்காகிவிடுமோ? அவளுடைய ஒவ்வொரு செய்கையும் எரிச்சலூட்டியது. காலையில் ஜன்னலால் பார்ப்பேன்: தன் காரில் கிடக்கும் பனியை வழித்துத் தள்ளி, கண்ணாடியைச் சுரண்டி, எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு நிறுத்துவாள். பிறகு நடந்துபோய் ரயில் ஏறுவாள். மினக்கெட்ட வேலை என்று முணுமுணுப்பேன்.

ஒரு சனிக்கிழமை வாளிச் சத்தம் கேட்டுக் கதவைத் திறந்தேன். முழங்காலில் நின்று கழுவிக்கொண்டிருந்தாள். அந்த வாரம் என்னுடையது. பாடமாக்கி வைத்திருந்த நோர்வேஜிய மொழியில் கேட்டேன்: "என் முறையை ஏன் எடுத்தீர்கள்?"

களவில் பிடிபட்டவளாக முகம் சிவந்தாள். என் வயிற்றைப் பார்த்தாள்.

"கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பாய்," என்றாள். துணியைப் பிழிந்து அடுத்த படிக்கு இறங்கினாள்.

கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. நன்றி சொன்னேன். ஆனால் ஆஸ்பத்திரிக்குக் கூட வருவீர்களா என்று கேட்க வாய் வரவில்லை. நானும் இந்த ஊர்க்காரியாகிவிட்டேன் போலிருக்கிறது.

அடுத்த ஞாயிறு மத்தியானம் நோ தொடங்கியது. ஆஸ்பத்திரிக்குத் தொலைபேசியில் சொன்னேன், வரச் சொன்னார்கள். வெளியே இரண்டு நாளாகப் பனி கொட்டியிருந்தது. முதல் தடவையாக அவள் கதவைத் தட்டினேன். நான் வாய் திறக்குமுன் கோட்டைப் போட்டுக்கொண்டு, கதவோரம் ஆணியில் தொங்கிய சாவியை எடுத்தாள்.

கீழே வரிசையாகக் கார்கள் பனிக்குள் புதைந்து கிடந்தன. அவளுடையது மட்டும் துடைத்து வைத்தபடி நின்றது. தினமும் காலையில் அவள் அதைச் சுரண்டியது யாருக்காக என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

வழி முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை. சிவப்பு விளக்கில் நின்றபோதெல்லாம் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.