நல்லெண்ணெய் குடித்த அக்சிலேட்டர்

பிள்ளைகளே, செக்பொயின்ட், அதுதான் சண்டைக்காலத்து ஆமிச் சோதனைச்சாவடி, என்று சொன்னால் உங்களில் மூத்தவளுக்கு மட்டும் கொஞ்சம் நினைவு வரக்கூடும். அவள் அப்போது முதலாம் வகுப்பு. நாங்கள் கொழும்பில் கொட்டாஞ்சேனையில் இருந்த காலத்தில் சேர்த்த பள்ளிக்கூடம். வெள்ளவத்தைக்கு வீடு மாறிய பிறகும் அவள் அதை விட்டுவர மாட்டேன் என்று அழுததால், நாள்தோறும் காலையில் மோட்டார் சைக்கிளின் பெற்றோல் டாங்கியின் மேல் அவளை இருத்திக் கொண்டுபோய் விட்டுவிட்டு, நான் புறக்கோட்டைக்கு வேலைக்குப் போவேன். மோட்டார் சைக்கிள் பழையது. வெளிநாடு போகும் அவசரத்தில் இருந்த ஒருவரிடம் வாங்கியது.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை கொட்டாஞ்சேனையில் அக்கா வீட்டுக்குப் போய்த் தனியே திரும்பிக்கொண்டிருந்தேன். காலி நகருக்குப் போகும் பெரிய வீதியான காலி வீதியில் ஒரு செக்பொயின்ட். அங்கே வழக்கம் என்னவென்றால், தடைக்கு முன்னமே வேகத்தைக் குறைத்து, இறங்கி, எஞ்சினை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றி, தள்ளிக்கொண்டு போகவேண்டும். நான் அக்சிலேட்டரை விட்டேன். அது திரும்பி வரவில்லை. முறுக்கியது முறுக்கியபடியே நின்றது. சில நாட்களாகவே கொஞ்சம் இறுக்கமாகத்தான் இருந்தது. ஆனால் இப்படி ஒட்டிப்பிடித்ததில்லை.

கிளட்சைப் பிடித்தேன். எஞ்சின் இன்னும் பெரிதாக அலறியது. மண்மூட்டைக்குப் பின்னால் இருந்தவர்கள் துவக்கை உயர்த்தினார்கள்.

“நவத்தன்ன! நவத்தன்ன!”

நிறுத்து என்று கத்துகிறார்கள். நிறுத்தத்தான் நானும் பாடுபடுகிறேன். சாவித் துவாரம் டாங்கிக்குக் கீழே. கையைக் கீழே கொண்டுபோனால் எதையோ எடுக்கப் போகிறான் என்றுதான் பார்ப்பார்கள். அதனால் இரண்டு கையையும் எடுக்காமல், பிரேக்கை முழுப்பலத்தோடு மிதித்துக்கொண்டு, டொப் கியரிலேயே கிளட்சை விட்டேன். மோட்டார் சைக்கிள் ஒரு துள்ளுத் துள்ளி, எஞ்சின் செத்தது.

ஓர் இளம் சிப்பாய் வந்தான். என் அடையாள அட்டையைப் பார்த்தான். பிறந்த இடம் யாழ்ப்பாணம். பிறகு என் முகத்தைப் பார்த்தான். நான் எனக்குத் தெரிந்த சிங்களத்தில், அக்சிலேட்டர் திரும்பி வருகுதில்லை என்றேன். அவன் நம்பாமல் தானே கையை வைத்து முறுக்கிப் பார்த்தான். விட்டான். அது அப்படியே நின்றது. அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு, “மேக்க ஹதாகன்ன மாத்தயா” என்றான். இதைத் திருத்துங்கள் ஐயா. இன்னொன்றும் சொன்னான்: “நாளைக்கு இங்கே நிற்கிறவன் அக்சிலேட்டர் பழுதா என்று பார்த்துக்கொண்டு நிற்கமாட்டான், சுட்டுவிடுவான்.”

அவன் மிரட்டவில்லை. உண்மையைச் சொன்னான். நாளைக்கு டாங்கியின் மேல் பிள்ளை இருப்பாள் என்பது அவனுக்குத் தெரியாது.

மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வீட்டுக்கு வந்து உங்கள் அம்மாவிடம் சொன்னபோது அவளுக்கு முகம் வெளிறிப்போயிற்று.

“நாளைக்கு பஸ்ஸிலை கூட்டிக்கொண்டு போங்கோவன்.”

“நீதானே பஸ்ஸிலை ஏத்தவேண்டாம், ஆரும் பார்சலிலை குண்டு கிண்டு வைச்சிருப்பாங்கள் எண்டு சொன்னனீ.”

“ஓம், சொன்னனான்தான்” என்று அவள் கதிரையில் இருந்துவிட்டாள். ஞாயிறு என்பதால் உதிரிப்பாகக் கடை ஒன்றும் திறந்திருக்காது. நான்தான் கழற்றிப் பார்க்கவேண்டும்.

முற்றத்தில் சாக்கை விரித்தேன். கேபிளை காபரேட்டர் பக்கத்தில் கழற்றிவிட்டு உள்ளே ஏறி இறங்கும் சிறு உருளையை விரலால் தூக்கி விட்டேன். ஸ்பிரிங் நன்றாகத் தள்ளியது. அங்கே பிழை இல்லை. பிழை மேலேதான். கைபிடியை உருவப் பார்த்தேன், வரவில்லை. திருகித் திருகி இழுத்து ஒருமாதிரிக் கழற்றினால், உள்ளே குழாயைச் சுற்றி மண்ணிறமாகப் பிசின் மாதிரி ஒன்று. விரலில் ஒட்டிக்கொண்டு நூலாக இழுபட்டது. மணந்து பார்த்தேன். நல்லெண்ணெய்.

கொஞ்ச நாளைக்கு முன்னம், இறுக்கமாக இருக்கிறதே என்று சமையலறைப் போத்தலில் இருந்து நானே ஊற்றியதுதான். எங்கள் ஆட்களுக்கு நல்லெண்ணெய் என்றால் சர்வரோக நிவாரணி. காதுவலிக்கும் அதுதான், கதவு கிரீச்சிட்டாலும் அதுதான். வெள்ளவத்தை உப்புக்காற்றும் வீதிப் புழுதியும் சேர்ந்து அதைப் பசையாக்கிவிட்டன.

அம்மா எட்டிப் பார்த்தாள். “என்னப்பா, நல்லெண்ணெயோ விட்டனீங்கள்?”

“இளகும் எண்டுதான்.”

“எண்ணெய் வைச்சு முழுகினா மனிசருக்கே நித்திரை தூங்குது. அது பாவம், கையை விட்டோடனை எழும்பி வருமே? சீயாக்காய் வைச்சுத் தேய்ச்சு விடுங்கோ!”

காலையில் இருந்து அவள் சிரித்தது அப்போதுதான்.

சீயாக்காய்க்குப் பதிலாக மண்ணெண்ணெய். பழைய சேட்டுத் துணியை நனைத்துத் துடைத்தேன். குழாயில் இருந்த துருவை அரத்தாளால் தேய்த்தேன். கேபிள்தான் வில்லங்கம். அதன் உள்ளே துணி போகாது. அதன் மேல்முனையில் பொலித்தீன் பையின் மூலையொன்றைப் புனல் மாதிரி நூலால் கட்டி, உடுப்புக் காயப்போடும் கயிற்றில் தொங்கவிட்டு, முதலில் மண்ணெண்ணெய், பிறகு அம்மாவின் தையல் மெஷின் எண்ணெய் ஊற்றினேன். அது வழிந்து கீழ்முனையால் சொட்டும்வரை காத்திருக்கவேண்டும். அம்மாவும் வந்து பக்கத்தில் குந்திக்கொண்டாள். முதலில் கறுப்பாகச் சொட்டியது. பிறகு தேயிலைச் சாயம் மாதிரி. பின்னேர வெயில் மதிலுக்கு ஏறியபோது தெளிவாகச் சொட்டியது.

எல்லாவற்றையும் பூட்டி, கைபிடி நுனியில் முட்டாமல் மயிரிழை இடைவெளி விட்டு, முறுக்கி விட்டேன். டக்கென்று திரும்பி வந்தது. ஹாண்டிலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பி விட்டேன். அப்போதும் வந்தது. அம்மா தன் கையாலும் முறுக்கிப் பார்த்துவிட்டுத்தான் எழும்பினாள்.

திங்கட்கிழமை காலை, மூத்தவளை டாங்கியில் இருத்திக்கொண்டு புறப்பட்டேன். அவள் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள்.

“அப்பா, நடந்து போறவையும் எங்களை முந்திப்போகினம்.”

“போகட்டும் அம்மா, அவைக்கு அவசரம்.”

செக்பொயின்ட் தெரிந்தது. நின்றவன் வேறொருவன், வயதானவன், தூக்கக் கலக்கம். கையை விட்டேன். எஞ்சின் அடங்கி, நாய்க்குட்டி மாதிரி முனகிக்கொண்டு நின்றது. இறங்கி, நிறுத்தி, தள்ளினேன். அவன் அட்டையைப் பார்த்தான், பிள்ளையின் பையைத் தொட்டுப் பார்த்தான், கொட்டாவி விட்டான். “யன்ன” என்றான், போ என்று. அவ்வளவுதான். ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றும் நடக்காததற்காக அவ்வளவு சந்தோசப்பட்ட நாள் என் வாழ்க்கையில் வேறில்லை.

பள்ளிக்கூட வாசலில் அவளை இறக்கினேன். அவள் திரும்பிப் பார்க்காமல் உள்ளே ஓடிவிட்டாள். நான் அடுத்த ஒழுங்கைக்குள் மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய் நிறுத்தினேன். அங்கே ஒரு தெருக்குழாய் இருந்தது. ஒருவரும் இல்லை. குழாயைத் திறந்து, வேலைக்குப் போகும் சேட்டு நனைகிறதே என்றும் பாராமல், தலையைக் குனிந்து தண்ணீருக்குக் கீழே பிடித்துக்கொண்டு நின்றேன்.