ஞானையா சாருக்கு நோய் கிடையாது

ஊரே அறிந்த ஒன்றை ஒருவர் மட்டும் ஒப்புக்கொள்ளாவிட்டால் அது இல்லையென்று ஆகிவிடுமா? நாசரேத் ஞானையா சாரின் பிற்காலம் இந்தக் கேள்வியைச் சுற்றியே ஓடியது. முப்பத்திரண்டு வருடம் கணக்கு வாத்தியார். ஒரு நாள்கூட மருத்துவ விடுப்பு எடுத்ததில்லை. ஓய்வுபெற்ற பிறகு சர்க்கரை வந்தது. மாத்திரையைச் சத்து மாத்திரை என்று சொல்லி விழுங்கினார். பெரிய மனிதர் என்று சொல்வதற்கில்லை. பிடிவாதத்தில் மட்டும் குறை சொல்ல முடியாது.

அவருக்கு எழுபது வயதானபோது மனைவி தேவமணிக்கு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை தேவைப்பட்டது. இருவருக்கும் சேர்த்து எடுத்திருந்த காப்பீட்டில் பாதிச் செலவுதான் கிடைக்கும். வேறு கம்பெனிக்கு மாறினால் முழுவதும் கிடைக்கும். ஆனால் புதுப்பிக்கும் தேதிக்கு நாற்பத்தைந்து நாள் முன்பே விண்ணப்பிக்க வேண்டும். கெடு முடிய இரண்டு நாள் இருக்கையில் ஏஜென்ட் பெனிஸ்டன் படிவத்தோடு வந்தான். மனைவியின் மூட்டைப் பற்றி ஞானையா இடம் போதாமல் ஓரத்திலும் எழுதினார். தம் பெயருக்கு நேரே ‘நோய் ஏதுமில்லை’ என்று எழுதினார்.

“சார், சுகர் இருக்கே?”

“எவம்ல சொன்னான்?”

“போன ஞாயித்துக்கிழம ஆராதனைல போதகரே வாசிச்சாரு. ‘ஞானையா சாரின் சர்க்கரை முந்நூறிலிருந்து நூற்றெண்பதாக இறங்கியதற்காக ஸ்தோத்திரக் காணிக்கை.’ நான் மூணாவது பெஞ்சுலதான இருந்தேன்.”

காணிக்கை உறையின் மேல் காரணத்தை விவரமாக எழுதிப் போட்டவள் தேவமணி.

“கர்த்தருக்கு நன்றி சொல்லாண்டாமா?” என்றாள்.

“சொல்லு. மைக்கு வச்சுதான் சொல்லணுமா?”

பெனிஸ்டன் குறுக்கிட்டான். “ஒரே பாலிசி சார். நீங்க மறைச்சது தெரிஞ்சா கம்பெனிக்காரன் அம்மா மூட்டுக்கும் சேத்து கைய விரிச்சிருவான்.”

“கோயில்ல கேட்டத ஆபீஸ்ல போய்ச் சொல்லுவியோ?”

“நான் எதுக்குச் சொல்லணும்? ரத்தம் எடுப்பான்லா.”

“எடுக்கட்டும். மூணு நாள் இனிப்ப நிறுத்துதேன்.”

“அந்த டெஸ்ட்டு மூணு மாசத்துச் சர்க்கரைக் கதையச் சொல்லிரும் சார்.”

தேவமணி நாற்காலியைப் பிடித்து எழுந்து, சுவரைத் தொட்டுத் தொட்டு அடுக்களைக்குப் போனாள். மூன்று காபி வந்து சேரக் கால் மணி நேரமானது. ஞானையா பேனாவை மூடிவைத்தார்.

மறுநாள் தூத்துக்குடிக்கு பஸ் ஏறினார். பெனிஸ்டனின் ஆபீசில் வேறு படிவம் கேட்டு வாங்கி, தேவமணியை மட்டும் பிரித்துப் புதிய கம்பெனிக்கு மாற்ற விண்ணப்பித்தார். தாம் பழையதிலேயே, பாதிச் செலவுக்கே நின்றுகொண்டார். பெனிஸ்டன் காரணம் கேட்டான். தேவமணி வருடக்கணக்காகக் கேட்டாள். அவர் சொல்லவில்லை.