படுக்கப் பயந்த மழைக்காலம்

அந்த மழைக்காலம் முழுவதும் படுக்கைக்குப் போகவே எனக்குப் பயமாக இருந்தது. கணவருக்குத் தீவின் வடகோடியில் இருக்கும் திக்லிபூருக்கு மாற்றலாகியிருந்தது. ஜங்லிகாட் மாடி வீட்டில் நானும் ஆறு வயது மகளும் மட்டும். கண்ணயர்ந்த சிறிது நேரத்திலேயே நெஞ்சு எரியத் தொடங்கும். புளித்த நீர் தொண்டைவரை ஏறி மூச்சை அடைக்கும். எழுந்து உட்கார்ந்து இருமுவேன். மாரடைப்புதான் வரப்போகிறது என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். டாக்டரிடம் போனால் கடல் தாண்டி மெயின்லேண்டுக்கு அனுப்பிவிடுவார், குழந்தையை யார் பார்ப்பது என்று போகாமலே இருந்தேன்.

விடிந்து குழந்தை எழுந்து, நான் எழாமல் கிடந்தால்? ஒரு ஞாயிற்றுக்கிழமை, முக்காலியில் ஏறித் தாழ்ப்பாளைத் திறக்க அவளைப் பழக்கினேன்.

"திறந்து, எதிர் வீட்டு ஆன்ட்டியைக் கூப்பிடணும். சரியா?"

"எதுக்கும்மா?"

"சும்மா, விளையாட்டுக்கு."

பத்து நாள்கூட ஆகவில்லை. ஓர் இரவு புரையேறி மூச்சே திரும்பவில்லை. தரையில் மண்டியிட்டு இருமிக்கொண்டிருந்தபோது முக்காலி இழுபடும் சத்தம் கேட்டது. எதிர் வீட்டுத் தெலுங்குக்கார அம்மா, என்ன ஆயிற்றென்று இந்தியில், "க்யா ஹுவா? க்யா ஹுவா?" என்று கத்திக்கொண்டே ஓடி வந்தார். அவர் கணவரின் ஆட்டோவிலேயே ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

ஈசிஜியைப் பார்த்த டாக்டர் தமிழர்தான்.

"ஹார்ட் எல்லாம் டீக்தான்மா, நல்லா இருக்கு. ராத்திரி எத்தனை மணிக்குச் சாப்பிடுறீங்க?"

"வீட்டுக்காரர் போன் பேசி முடிச்சப்புறம். பத்தரை ஆகிடும். ஒரு டீயைக் குடிச்சுட்டு உடனே படுத்துடுவேன்."

"வயித்து ஆசிட்தான் மேல ஏறுது. ஏழரைக்குள்ள சாப்பிட்டுடுங்க. ராத்திரி டீ வேணாம். கட்டில் தலைமாட்டை அரை அடி உயர்த்தி, இடது பக்கமா படுங்க."

மாத்திரையும் எழுதிக்கொடுத்தார்.

நம்பிக்கையில்லாமல்தான் கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கடியில் செங்கல் வைத்தேன். முதல் வாரம் இருவரும் கால்மாட்டுக்குச் சரிந்துகொண்டே இருந்தோம். எரிச்சல் மெல்லக் குறைந்தது. மூன்றாவது வாரம் ஓர் இரவு முழுவதும் தூங்கினேன்.

மகள் தூங்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. மூக்கருகே ஏதோ உரச, திடுக்கிட்டுக் கண் விழித்தேன். அவளுடைய விரல்.

"மூச்சு வருதான்னு பாத்தேம்மா."

எத்தனை நாளாக இப்படிப் பார்க்கிறாய் என்று கேட்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. விடிந்ததும் கணவருக்குப் போன் செய்தேன். நான்கு நாள் லீவில் வந்தார். அந்த நான்கு இரவும் அவர்மேல் காலைப் போட்டுக்கொண்டு அவள் அசையாமல் தூங்கினாள்.