பொருந்திய கேபிள்

ஜங்ஷன் கேபிள் கடைக்காரரே, என் மகளுக்கு வரவேண்டிய வேலையைக் கெடுத்தவர் நீர்தான்.

அவள் லேப்டாப்பின் திரை உடைந்திருந்தது. வேலைக்கான ஆன்லைன் தேர்வு அன்று முற்பகல். பழைய மானிட்டரில் இணைத்தாவது எழுதட்டும் என்று லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு, கடை திறந்ததுமே பேட்டையிலிருந்து வந்தேன். தேய்த்த வெள்ளைச் சட்டையும் நெற்றி நிறையத் திருநீறுமாக இருந்தீர். கேட்பவர் கேட்டு முடிப்பதற்குள் உம் கை சரக்கை எடுத்துவிடும். அப்படித்தான், மறுமுனை மானிட்டரில் சேரும் ஒரு டைப்-சி கேபிளை எடுத்து லேப்டாப்பில் சொருகினீர்.

"கச்சிதமா பொருந்துது, பாத்தீரா?"

"படம் வருமா அண்ணாச்சி? லேப்டாப்புல அந்தப் பக்கம் எச்டிஎம்ஐ துளையும் இருக்கே?"

"அது பழசு வே. பஸ்ஸு நிக்கும்போது மாட்டுவண்டி கேக்கீரு!"

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நான் காசைக் கொடுத்து அதையே வாங்கிப் போனேன்.

வீட்டில் மானிட்டர் கறுப்பாகவே கிடந்தது. அந்த டைப்-சி துளை சார்ஜ் ஏற்றும், படம் அனுப்பாது. இதைக் கண்டுபிடிப்பதற்குள் தேர்வு நேரம் முடிந்துவிட்டது. மகள் எழுந்து அடுக்களைக்குள் போய்விட்டாள்.

சாயங்காலம் வந்து கத்தினேன். நீர் கோபப்படவே இல்லை. எச்டிஎம்ஐ கேபிளைச் சும்மாவே என் கையில் வைத்து, "டீ குடிக்கீரா வே?" என்று கேட்டீர். அந்த நிதானம் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

எல்லா டைப்-சி துளையும் படம் அனுப்பிவிடாது என்று உமக்குத் தெரியுமா, தெரியாதா? கடை நிறைய ஆள் நிற்கும்போது, எல்லார் காதிலும் விழும்படி பதில் சொல்லும்.