பந்து விழுந்த இடம்

மந்தாரக்குப்பத்தில் பல் கிளினிக் வைத்திருக்கிறேன். என்னிடம் வேர் சிகிச்சைக்கு வந்துகொண்டிருந்த ஒப்பந்தக்காரர் ஒருவர், வலி நின்ற சந்தோஷத்தில், "ஞாயித்துக்கெழம எங்க கிளப்புக்கு வாங்க டாக்டர் மேடம்" என்று அழைத்தார். காடாம்புலியூர்ப் பக்கம் முந்திரித் தோப்பை வெட்டிவிட்டுப் போட்ட கோல்ஃப் மைதானம். கோல்ஃபை நேரில் பார்த்ததில்லை. ஆசையாகத்தான் போனேன்.

வெளியே செம்மண் வெடித்துக் கிடந்தது. உள்ளே புல் பச்சைப்பசேலென்று. ஐந்தாறு பெண்கள் தலையில் துண்டு போட்டுக் குந்தியபடி கோரை பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். ஒப்பந்தக்காரரும் அவருடைய நண்பர்கள் இருவரும் ஆடினார்கள். நான் கூடவே நடந்தேன்.

அவர் ஓங்கி அடித்த பந்து ஒன்று வளைந்து போய் ஒரு பெண்ணின் தாடையில் பட்டது. அந்தச் சத்தம் எங்களுக்கே கேட்டது. அவள் கத்தவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பந்து அவள் முந்தானைக்குப் பக்கத்தில் கிடந்தது.

நாங்கள் போனபோது அவள் விரலிடுக்கில் ரத்தம் வழிந்துகொண்டிருந்தது. ஒப்பந்தக்காரர் "அய்யய்யோ" என்றார். அடுத்த மூச்சிலேயே, "இப்ப இத எங்கேருந்து அடிக்கிறது?" என்று கேட்டார்.

"ஆள் மேல பட்டாலும், எங்க நிக்குதோ அங்கேருந்துதான்" என்றார் ஒரு நண்பர். இன்னொருவர் போனில் விதியைத் தேடினார். அதுவரை மற்ற இருவரும் குனிந்து பந்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"ஏம்மா, கொஞ்சம் நவுந்து குந்து" என்றார் ஒப்பந்தக்காரர்.

அவள் உட்கார்ந்தபடியே நகர்ந்தாள். அவர் அடித்தார். பந்து குழியில் நட்டிருந்த கொடிக்கு அருகில் போய் நின்றது. நண்பர்கள் கைதட்டினார்கள்.

நானும் தட்டினேன். ஏன் தட்டினேன் என்று தெரியவில்லை.

அப்புறம்தான் நான் மருத்துவர் என்பது எனக்கு உறைத்தது. மண்டியிட்டு வாயைத் திறக்கச் சொன்னேன். தாடை எலும்பு உடைந்து விலகியிருந்தது. ஒரு பல் என் கையோடு வந்தது. மட்டைகள் ஏற்றிய பேட்டரி வண்டியைக் கேட்டேன்.

"சீட்டெல்லாம் கறையாயிடும் டாக்டர். ஆட்டோ வரச் சொல்றேன்" என்றார் ஒப்பந்தக்காரர்.

என் கார் நின்ற இடம்வரை அவளைத் தோளில் சாய்த்து நடத்தினேன். "வூட்டுக்குப் போயிடறேங்க. வேல பூடும்ங்க" என்று குழறிக்கொண்டே வந்தாள். கடலூர் பெரியாஸ்பத்திரியில் தாடையைக் கம்பியால் கட்டினார்கள். ஆறு வாரம் வெறும் கஞ்சித் தண்ணீர்.

அடுத்த வாரம் ஒப்பந்தக்காரர் பல்லுக்கு கேப் மாட்ட வந்தார். அவர் வாயில் ஏலக்காய் வாசனை. என் விரல்கள் உள்ளே இருக்கும்போதே, "அன்னிக்கி அந்த ஷாட்டப் பாத்தீங்கல்ல?" என்றார். கையை எடுத்துவிட்டேன். பாதியில் விடக்கூடாது என்பதற்காக, புதுக் கையுறை மாட்டிக்கொண்டு வேலையை முடித்தேன்.

"இனிமே வேற டாக்டரப் பாத்துக்குங்க" என்றேன்.

"ஏன் டாக்டர்? நல்லாத்தான வந்திருக்கு?" கண்ணாடியில் பல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கட்டுப் பிரித்த வாரமே அந்தப் பெண் மறுபடி அங்கேயே கோரை பிடுங்கப் போய்விட்டாள். என்னிடம் பல்லைக் காட்ட வந்தபோது, ஏன் போனாய் என்று கேட்டேன்.

"வேற எங்கங்க கூப்புடறாங்க? இப்ப நாங்க எல்லாரும் ஹெல்மெட்டு மாட்டிகினுதான் குந்தறோம். அதப் பாத்து ஆடறவங்க சிரிக்கறாங்க டாக்டரம்மா" என்றாள்.